பேர் கூப்பிடும் வரை

உட்கார்ந்து எழுதுவது எனக்கு வராத காரியம். பணியில் இருந்தவரை என் நாற்காலி மட்டும் தேயாமல் புதுசாகவே இருக்கிறது என்று ஆபீசில் கேலி பேசுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குணம் போகவில்லை. பயிற்சி அலுவலர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் மேடம் என்று கேட்டுவிட்டீர்கள். நாலு வரி எழுதுகிறேன், எழுந்து ஜன்னல் வரை போகிறேன், திரும்பி வந்து மறுபடி நாலு வரி. அங்கங்கே தாவினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாடத்திட்டம் எப்படிப் போடுவது, கம்பெனிக்காரர்களை எப்படி அழைப்பது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டாலும் ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். நான் சொல்ல வருவது வேறு.

முதலில் ஒரு பெப்பர்மிண்ட் கதை. தொழிற்பயிற்சி நிலையத்தில் கொஞ்ச காலம் பாடம் நடத்திவிட்டு, கோயமுத்தூரில் வேலைவாய்ப்பு ஆபீசுக்கு நான் வந்த புதிது. ஒரு மில்லிலிருந்து ஆள் எடுக்க வந்திருந்தார்கள். கேட்ட கேள்விக்கு ஒரு இளைஞர் திணறினார். எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டு அவருக்காக நானே பதில் சொன்னேன். அடுத்த கேள்விக்கும் சொன்னேன். மில்காரர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அன்று சாயங்காலம் எங்கள் அதிகாரி என்னைத் தன் மேஜைக்கு வரச் சொன்னார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். டிராயரைத் திறந்து ஒரு பெப்பர்மிண்டை எடுத்து நீட்டினார்.

"வேலை கேக்கறவங்க பக்கத்துல நிக்கறப்ப இதை வாயில போட்டுக்கம்மா. நீ நல்லாப் பேசுனா அந்த வேலை உனக்கில்ல கெடைக்கும்? உனக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு இருக்குதே" என்றார்.

அன்றிலிருந்து என் கைப்பையில் பெப்பர்மிண்ட் இல்லாத நாளே கிடையாது. சொல்லிக்கொடுத்தவர் எங்கேயோ ஓய்வு பெற்றுப் போய்விட்டார். எனக்குச் சொத்தைப் பல் வந்ததற்கு அவர்தான் பொறுப்பு.

இனி நீலகிரிக்கு வருகிறேன்.

குன்னூருக்கு எனக்கு மாற்றல் வந்தபோது தேயிலை விலை விழுந்து கிடந்தது. பச்சைத் தேயிலை பறித்தால் பறித்த கூலிக்குக் கட்டவில்லை என்று சின்ன விவசாயிகள் செடியை அப்படியே விட்டிருந்தார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து காடாகிக்கொண்டிருந்தது. ஃபேக்டரிகள் ஒரு நாள் ஓடின, ஒரு நாள் ஓடவில்லை. எஸ்டேட்டுகளில் வாரத்துக்குப் பாதி நாள்தான் வேலை. குன்னூர்க் கடைத்தெருவில் வியாபாரிகள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்று எழுதலாம், ஆனால் அந்தக் குளிருக்கு ஈ கூட வரவில்லை. மேட்டுப்பாளையம் பஸ்ஸில் மட்டும் காலையில் இடம் கிடைக்காது. பையும் பாயுமாகக் குடும்பங்கள் மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தன.

எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக் கீழே வேலையில் சேர்த்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. சேரம்பாடிப் பக்கம் ஒரு தோட்டத்தில் இடம் கேட்டேன். பெயர் வேண்டாம். அவர்கள் கொடுத்தது பழைய பிள்ளைக் காம்பரா. தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் கட்டடத்துக்கு அங்கே அந்தப் பெயர். இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த சொல். இளசுகள் குறைந்து, குழந்தைகளும் குறைந்து, அந்தக் கட்டடம் காலியாகக் கிடந்தது. உத்தரத்தில் தொட்டில் கொக்கிகள் அப்படியே இருந்தன. அதற்குக் கீழே நின்றுதான், நேர்காணலில் நிமிர்ந்து பேசுவது எப்படி என்று நான் வகுப்பு எடுத்தேன்.

அந்த வகுப்பில் இருந்தவள் பாக்கியம். பிளஸ் டூ முடித்துவிட்டுக் கூலிக்குக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். கை படு வேகம், வாய் திறப்பது அபூர்வம். அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. அம்மா ராசம்மா தோட்டத்தில் நிரந்தரத் தொழிலாளி. அந்த மாதம் ராசம்மாவுக்கு ஓய்வு.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் நிரந்தர வேலை இருந்தால் அவருக்கு "பேர் இருக்கு" என்பார்கள். பேர் இருக்கிறவருக்குத்தான் லைன் வீடு. ஓய்வு பெறுகிறவர் தன் பேரை மகனுக்கோ மகளுக்கோ கொடுக்கலாம். வாங்கிக்கொள்ள ஆள் இல்லையென்றால் பேர் போகும், பின்னாலேயே வீடும் போகும். பாக்கியம் பேரை வாங்கிக்கொள்கிறாளா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும் என்பது தோட்டத்து ஆபீஸ் வைத்த கெடு.

அதே வாரத் திங்கட்கிழமைதான் கோயமுத்தூரில் அவளுக்குப் புது வேலை ஆரம்பம். ஒரு பம்ப் கம்பெனியின் மேனேஜர் தோட்டத்துக்கே வந்து, எங்கள் வகுப்பிலிருந்து ஒரு சின்னக் கூட்டத்தை மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பிரிவுக்குத் தேர்வு செய்திருந்தார். "திங்கக்கெழம எட்டு மணிக்கு வந்து வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராசம்மா ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். பஸ் ஏற்றிவிடும்போது என் காதுபடவே மகளிடம் சொன்னார்.

"போயிப் பாரு. சரிப்பட்டு வரலன்னா வெள்ளிக்கெழமக்குள்ள வந்துரு. பேர வாங்கிக்கிட்டு இங்கனயே கெடப்போம்."

திங்கட்கிழமை பத்து மணிக்கெல்லாம் குன்னூர் ஆபீசில் போன் அடித்தது. பம்ப் கம்பெனி மேனேஜர்.

"ஏனுங்க மேடம், நீங்க ட்ரெய்னிங் குடுத்து அனுப்புனீங்களா, ஸ்ட்ரைக் பண்ணச் சொல்லி அனுப்புனீங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"உங்க புள்ளைங்க கேட்டுக்குள்ளார வந்து காம்பவுண்டு செவுத்தோரமா வரிசையா நின்னுக்கிட்டிருக்குதுங்க. எட்டு மணியிலிருந்து ஒரு அடி நகருல. என்னம்மான்னு கேட்டா குனிஞ்சுக்குதுங்க. இப்பத்தானுங்க இங்க ஒரு ஸ்ட்ரைக் முடிஞ்சு வேலை ஓட ஆரம்பிச்சிருக்குது. பழைய ஆளுங்க எல்லாம் மெஷின விட்டுட்டு எட்டி எட்டிப் பாக்கறாங்க. முதலாளியும் பாத்துட்டாருங்க."

"உள்ள போகச் சொன்னீங்களா?"

"வேலைக்கு வந்தவங்கள உள்ளார போன்னு வேற சொல்லோணுங்களா? வேலையப் பாத்ததும் கை பரபரன்னு இருக்கற ஆளுதான் எனக்கு வேணும். மத்தியானச் சோத்தப் போட்டு, சாயங்காலம் பஸ் ஏத்தி உட்டுர்றேனுங்க."

"நான் வர்ற வரைக்கும் அனுப்பீராதீங்க" என்று போனை வைத்தேன். கைப்பையை எடுத்தது தெரியும், ஆபீசில் யாரிடமாவது சொல்லிக்கொண்டேனா என்பது நினைவில் இல்லை.

பர்லியாருக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நின்றது. எங்கள் பஸ் அதற்குப் பின்னால் எத்தனையாவது வண்டியோ. கண்டக்டர் பீடி பற்ற வைத்துவிட்டார் என்றால் இப்போதைக்கு நகராது என்று அர்த்தம். இறங்கி நடக்க ஆரம்பித்தேன். "மேடம், வண்டி கெளம்பீரும்" என்று அவர் கத்தினார். கிளம்பினால் வழியில் ஏற்றிக்கொள்ளட்டும் என்று நடந்தேன். லாரியைத் தாண்டி அந்தப் பக்கம் போனால், கீழே போகிற ஒரு காரட் வேன் மட்டும் லாரிக்கு முன்னால் தப்பி வந்து நின்றிருந்தது. டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிங்களா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அதேதான் என்றேன். பாவம், மனிதர் வளைவுகளில் எல்லாம் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே வந்தார்.

வழி முழுக்க நான் மனசுக்குள் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பத்து நாள் வைத்துப் பாருங்கள் என்று கேட்பேன், காலில் விழாத குறையாகக் கேட்பேன். இந்தப் பிள்ளைகள் திரும்பிப் போனால் அந்தக் கம்பெனி இனி மலைப் பக்கம் எட்டிப் பார்க்காது. அடுத்த வகுப்பில் வந்து உட்காரவே யாருக்கும் மனசு வராது. பாக்கியம் பேரை வாங்கிக்கொண்டு பாதி நாள் வேலைக்கு நிற்பாள், அதுவும் எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. மேட்டுப்பாளையம் வந்ததும் வெயில் சுள்ளென்று அடித்தது. ஸ்வெட்டரைக் கழற்றவும் எனக்குத் தோன்றவில்லை.

கம்பெனிக்குள் நுழைந்தால், போனில் சொன்னபடியே நின்றுகொண்டிருந்தார்கள். சுவரோரம், வெயிலில், பைகள் காலடியில். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் யாரும் போகவில்லையாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"ஏம்மா பாக்கியம், எதுக்கு இப்படி நிக்கறீங்க?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "இன்னும் பேர் கூப்பிடலீங்களே மேடம்."

தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது, அடுத்த நிமிஷமே கோபம் போய்விட்டது. தோட்டத்தில் காலையில் எல்லோரும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பார்கள். கணக்கப்பிள்ளை பேரைக் கூப்பிட்டு, நீ இந்த மலைக்குப் போ, நீ அந்த மலைக்குப் போ என்று பிரித்து விடுவார். கூப்பிடும் வரை நகரக் கூடாது, தோட்டத்து மேனேஜரான துரை பேசினால் நிமிரக் கூடாது. பாட்டன் காலத்திலிருந்து அவர்கள் வேலை அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறது. பிள்ளைக் காம்பராவில் நான் எதை எதையோ சொல்லிக்கொடுத்தேன். புது இடத்தில் வேலை எப்படி ஆரம்பிக்கும் என்று அவர்களும் கேட்கவில்லை, எந்தப் பாடத்திலும் அது இல்லை.

பாக்கியத்தை அழைத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். அவள் செருப்பை வெளியே கழற்றி விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றாள். நான் பெப்பர்மிண்டை வாயில் போட்டுக்கொண்டேன்.

"சொல்லும்மா, எதுக்கு நின்னீங்க?" என்றார் மேனேஜர்.

அவள் தரையைப் பார்த்தாள். பெரட்டு என்றால் என்ன என்று விளக்க என் நாக்கு துடித்தது. பெப்பர்மிண்டைக் கடித்துத் தூளாக்கிவிட்டேன், இன்னொன்றைப் பிரித்தேன். அந்தக் காகிதச் சத்தத்துக்கு இருவருமே என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியில் பாக்கியம் தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "எங்க தோட்டத்துல பேர் கூப்பிடாம மலையில கால வைக்க மாட்டோங்க சார். கூப்பிடாத மலைக்குப் போனா கொழுந்து திருட வந்தவன்னு சொல்லிருவாங்க. இங்கயும் அப்படித்தான்னு நெனச்சுட்டோம்."

மேனேஜர் என்னைப் பார்த்து, "சரிங்க மேடம். உங்களுக்காக ஒரு மாசம் வெச்சுப் பாக்கறேனுங்க. செரிப்பட்டு வரலீன்னா அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

பத்து நாளுக்குப் பேரம் பேச வந்தவளுக்கு ஒரு மாதம் கிடைக்கிறது. ரொம்ப நன்றிங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். மிட்டாய் பல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் பாக்கியம் பேசிவிட்டாள்.

"ஒரு மாசம் வேணாங்க சார்."

முதல் தடவையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"வெள்ளிக்கெழம வரைக்குந்தாங்க எனக்கு டயம். அதுக்குள்ள எங்கம்மா பேர நான் வாங்கலன்னா வீடு போயிரும். ஒரு மாசம் கழிச்சு நீங்க வேணாம்னா நானும் எங்கம்மாவும் ரோட்டுலதாங்க நிக்கணும். வேலை செய்யிற ஆளா இல்லையான்னு மூணு நாள் பாத்தா உங்களுக்குத் தெரியாதுங்களா? வேணும்னாலும் வேணாம்னாலும் வியாழக்கெழம சொல்லிருங்க. வேணாம்னா நான் போயிக்கிறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வழி முழுக்க நான் பேசிப் பார்த்த பேரம் எனக்கும் கம்பெனிக்கும் நல்லது, அவளுக்கு அது பொறி. நல்லவேளை, அந்த மிட்டாய் இருந்தது.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இத்தன பேசற புள்ள எட்டு மணியிலிருந்து எதுக்கும்மா ஊமையாட்ட நின்னே?" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது. "செரி, நாளைக்கு யாரு வந்து உங்க பேரக் கூப்புடறது?"

"யாரும் வேணாங்க. எது எங்க மெஷினுன்னு ஒரு தடவ காட்டிட்டாப் போதும்."

வியாழக்கிழமை சாயங்காலம் மேனேஜர், அவள் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். பாக்கியம் தோட்டத்துக் கடைக்குப் போன் போட்டு, அம்மாவிடம் பேரை விட்டுவிடச் சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலையில் நான் சேரம்பாடியில் இருந்தேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, ஆபீசில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். ராசம்மா தோட்டத்து ஆபீசுக்குள் போய், பேரை விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். நான் சிரித்துக்கொண்டே போய் அவர் கையைப் பிடித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அவளக் கூட்டிக்கிட்டுப் போயி நல்லா வச்சுட்டீங்க மேடம். சந்தோசந்தான். சின்னப் புள்ளையில இலங்கையிலருந்து கப்பல்ல வந்து எறங்குன நாளா இந்த லயத்து வீட்டுலதான் கெடந்தேன். காலையில எந்திரிச்சா எம்பேர ஒருத்தர் கூப்பிடுவாரு. இனிமே என்னைய யாரு கூப்பிடுவா?"

திட்டத்தில் அவர் வயதுக்காரர்களுக்கு இடமே கிடையாது. பயிற்சி இளைஞர்களுக்குத்தான். தேவாலா வரை பஸ்ஸில் வந்து, அடுத்த பஸ்ஸுக்கு நிற்கப் பொறுக்காமல் ரோட்டிலேயே நடந்துகொண்டிருந்தேன். இத்தனை நாள் கீழே அனுப்பியதெல்லாம் சரிதானா என்று இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் சில ராத்திரிகளில் அப்படித்தான் இருக்கிறது. பாக்கியத்தோடு போனவர்களில் சிலர் நிலைத்தார்கள், சிலர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மலையேறிவிட்டார்கள். ஏறி வந்தவர்கள் எல்லோருக்கும் வீடு காத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு என் வகுப்புகளில் இரண்டு கேள்விகளை விடாமல் கேட்டேன். இப்போது செய்கிற வேலை உங்களுக்குக் காலையில் எப்படி ஆரம்பிக்கிறது? இதை விட்டுவிட்டுப் போனால் எது உங்கள் கையை விட்டுப் போகும்? இரண்டாவது கேள்விக்கு வாய் திறக்கப் பலருக்கு வாரக்கணக்காகும். அவசரப்படாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

ராசம்மா விஷயம் மட்டும் என்னை விடவில்லை. அம்மாவும் மகளும் கம்பெனிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்திருந்தார்கள். ராசம்மா நாள் முழுக்க வாசற்படியில் சும்மா உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். தெரிந்தவர்களை எல்லாம் பிய்த்துப் பிடுங்கினேன். போன இடமெல்லாம் வயதைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் ஒரு பெண்கள் விடுதியில் சமையலுக்கு உதவியாக அவரை வைத்துக்கொள்ளச் சம்மதம் வாங்கிவிட்டேன். இனி அந்தம்மாவை நானே போய்ப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன் என்று கிளம்பினேன். எனக்கு அவ்வளவு பெருமை.

அறை பூட்டிக் கிடந்தது.

"ராசம்மாக்காவா? அது வேலைக்குப் போயிருச்சுங்க" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். "மக வேல செய்யற கம்பெனியில கேன்டீன் இருக்குதில்லீங்க, அங்கதான். யாரும் கூப்புடல. இதுவா கேட்டுக்குப் போயி, உள்ளார போயி, டீ போட ஆளு வேணுமான்னு கேட்டுதாம்."

கேன்டீனுக்குப் போனேன். ராசம்மா தலையில் துண்டு கட்டிக்கொண்டு, பெரிய பாத்திரத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். இந்தத் தூளை எவன் வாங்கினான் என்று யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் கம்பி சுற்றும் பெண்கள் கூட்டமாக வந்தார்கள், நடுவில் பாக்கியமும் இருந்தாள், வாய் ஓயாமல் பேசிக்கொண்டு. விடுதி வேலை என் கைப்பையிலேயே கிடக்க, நான் வாசலில் நின்றுவிட்டேன். உள்ளே போகலாமா, சொல்லாமல் திரும்பிவிடலாமா என்று கால் மாற்றி மாற்றி நின்றேன்.

ராசம்மா பார்த்துவிட்டார். ஒரு டம்ளரை நிரப்பி மேஜைமேல் டக்கென்று வைத்தார்.

"என்ன மேடம், நின்னுக்கிட்டே இருக்கீங்க? உள்ள வாங்க. உங்களுக்கும் யாராச்சும் பேர் கூப்பிடணுமா?"

போய் உட்கார்ந்தேன். அந்த டீயைக் குடித்து முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை.